வல்லத்துக் கண்ணாடியும் வயல்காட்டுக் கண்களும்

காவிரி வண்டல் படிந்த நிலத்தில் கல் கிடைக்காது. தோண்டினால் களி, அதற்கும் கீழே மணல். பெரிய கோயிலின் கருங்கல்லே வெளியிலிருந்து வந்ததுதான். ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருச்சி சாலையில் பத்துப் பதினொரு கிலோமீட்டர் போனால் நிலம் மேடேறி, வயல் குறைந்து, செம்மண் தொடங்கிவிடும். அதுதான் வல்லம். இன்று அங்கே கல்லூரிக் கட்டடங்களும் நெடுஞ்சாலைப் பாலமும்தான் கண்ணில் படும். ஒரு காலத்தில் அந்த ஊரின் பெயர் வெளியூர்களில் தெரிந்ததற்குக் காரணம் அதன் மண்ணில் கிடைத்த படிகக் கற்கள். வல்லம் கல் என்று சொல்வார்கள். தஞ்சாவூரில் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் அதை வாங்கிச் சாணை பிடித்து நகைகளில் பதித்தார்கள். மூக்குக்கண்ணாடிக்கு வில்லையும் செய்தார்கள். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் குறிப்புகளிலேயே இந்தக் கல்லும் அதிலிருந்து செய்த கண்ணாடியும் இடம்பெற்றிருக்கின்றன.

உடைந்தால் மாற்ற ஆள் கிடைக்காத காலத்தில் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டவர்கள் யார்? மடத்துத் தம்பிரான், கோயில் கணக்கர், ஊர்க் கர்ணம், மிராசுதார், ஏடு படிக்கிற புலவர், பொன் வேலை செய்கிற ஆசாரி. பெரும்பாலும் ஆண்கள், ஆசாரி நீங்கலாகப் பெரும்பாலும் எழுத்தோடு பிழைத்தவர்கள். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்குவது எல்லாருக்கும் வருவது. அதைச் சரிசெய்கிற பொருளோ எழுத்துக்காரர்களின் சொத்தாக இருந்தது. விலையும் கிடைப்பும் அன்றைக்கு அதை அப்படி வைத்திருந்தன. இன்றைக்கு நூறு இருநூறு ரூபாய்க்குப் பேருந்து நிலையத்திலேயே கண்ணாடி தொங்குகிறது. ஆனாலும் டெல்டாவின் கிராமங்களில் ஐம்பது வயது கடந்த ஒரு விவசாயக் கூலிப் பெண்ணிடம் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னால், "நான் என்ன படிக்கவா போறேன்?" என்ற பதில்தான் வருகிறது. கல் மாறிவிட்டது, விலை மாறிவிட்டது. அந்த ஓர் எண்ணம் மாறவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கண்ணுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். கருவிழிக்குப் பின்னால் இருக்கும் வில்லை இளமையில் மெத்தென்று இருக்கும். தூரத்தைப் பார்க்கும்போது அதைச் சுற்றியுள்ள நார்கள் இழுத்துப் பிடித்துத் தட்டையாக வைத்திருக்கும். கிட்டப் பார்க்கும்போது சுற்றியிருக்கும் தசை இறுகும், நார்கள் தளரும், வில்லை தானாகவே உருண்டு தடிக்கும். வயது ஏற ஏற வில்லை கெட்டிப்படுகிறது. தசை தன் வேலையைச் செய்கிறது, வில்லை உருள மறுக்கிறது. பத்து வயதில் இந்தக் கூடுதல் திறன் 14 டயாப்டர் (வில்லையின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை இருக்கும். நாற்பதில் 5, 6 ஆகக் குறையும். அறுபதில் 1 தேறினால் அதிகம். ஒன்றேகால் அடி தூரத்தில், அதாவது 40 சென்டிமீட்டரில், புத்தகத்தை வைத்துப் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும். இருப்பதில் பாதியைத்தான் களைப்பில்லாமல் நெடுநேரம் செலவிட முடியும் என்பது கண் மருத்துவக் கணக்கு. 5-இல் பாதி 2.5. நாற்பது வயதை ஒட்டிச் செய்தித்தாள் மெல்ல முகத்தைவிட்டு விலகத் தொடங்குவதற்கு இந்த எளிய வகுத்தல்தான் காரணம். வெள்ளெழுத்து, சாளேசரம் என்று நம் வீடுகளில் சொல்வது இதைத்தான். இது நோயும் அல்ல, கண்ணைக் கெடுத்துக்கொண்டதன் பலனும் அல்ல. நரையைப் போல ஒருவர் விடாமல் எல்லாருக்கும் வரும். வெப்பம் மிகுந்த நாடுகளில் இது சில ஆண்டுகள் முன்னதாகவே தொடங்குவதாகவும் ஆய்வுகள் சொல்கின்றன.

வல்லத்துக் கல்லுக்குத் திரும்புவோம். கல் கண்ணாடி கண்ணுக்குக் குளிர்ச்சி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அசல் கல்லா, வெறும் கண்ணாடியா என்று பார்க்க வில்லையை நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். சில்லென்று இருந்தால் கல். இந்தச் சோதனை சரியானது. படிகம் கண்ணாடியைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்வதால் தொட்டதும் குளிரும். ஆனால் அந்தக் குளிர்ச்சி கண்ணுக்குப் போவதில்லை, வில்லை கண்ணைத் தொடுவதே இல்லையே. கல்லின் உண்மையான பெருமை அதன் கடினம். மணலும் புழுதியும் சாதாரணக் கண்ணாடியில் கீறல் போடும். படிகத்தில் அவ்வளவு எளிதில் விழாது. வேட்டி முனையால் ஆண்டுக்கணக்கில் துடைத்தாலும் தெளிவு போகாது. அப்பன் போட்ட கண்ணாடியை மகன் போட்டுக்கொள்ள முடிந்தது அதனால்தான்.

அதில் ஒரு நுட்பமான சிக்கலும் உண்டு. படிகத்துக்குள் நுழையும் ஒளி இரண்டாகப் பிரியும். கல்லுக்குள் ஓர் அச்சு இருக்கிறது. அந்த அச்சின் திசையில் ஒளி போனால் மட்டும் பிரியாது. ஆகவே அச்சுக்குச் செங்குத்தாகப் பார்த்துக் கல்லைத் துண்டுபோட வேண்டும். கோணல் விழுந்தால் எழுத்தின் விளிம்பு தெளியாது, போட்டுக்கொண்டவருக்குக் காரணம் புரியாத ஓர் அசௌகரியம் இருந்துகொண்டே இருக்கும். அதை அறிந்து வெட்டியவர்களின் கைத்திறமை பெரிது. அந்தத் தொழில் நம் காலத்தில் அருகிப்போனது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கண்ணாடியே இங்கேதான் பிறந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. 1971-இல் அகர்வால் என்பவர் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். விஜயநகரத்து மாத்துவத் துறவி வியாசராயர் 1520-ஐ ஒட்டிக் கண்ணாடி அணிந்து ஏடு படித்ததாகச் சோமநாத கவியின் வடமொழி நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதை வைத்துக் கண்ணாடியின் தோற்றத்தை இந்தியாவில் தேடினார் அவர். நமக்குப் பெருமைதான். ஆனால் இத்தாலியில் 1286-ஐ ஒட்டியே கண்ணாடி வந்துவிட்டது. வியாசராயர் காலத்தில் போர்த்துகீசியர் கோவாவில் உட்கார்ந்து பத்தாண்டு ஆகியிருந்தது. கண்ணாடி அந்தக் கப்பல் வழியாக வந்தது என்று நினைப்பதே பொருத்தம். வல்லத்தின் பெருமைக்கு முதன்மைப் பட்டம் தேவையில்லை. நம் மண்ணில் கிடைத்த கல்லை நம் கைகள் கண்ணுக்கு ஏற்றபடி வெட்டக் கற்றன, அது போதும்.

ஏடு படிப்பது லேசான காரியம் இல்லை. பழைய ஓலை பழுப்பேறியிருக்கும். எழுத்தாணி கீறிய கோட்டில் மை தடவியிருந்தாலும் கோட்டுக்கும் ஓலைக்கும் நிற வேறுபாடு குறைவு. புள்ளி இருக்காது, சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது. எழுதுகிறவருக்காவது கை உதவும். இடது கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு பள்ளம் வெட்டி, எழுத்தாணியை அதில் தாங்கித் தடவி எழுதிவிடலாம். படிக்கிறவருக்குக் கண் ஒன்றுதான் துணை. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, 1880-இலிருந்து கும்பகோணம் கல்லூரியில் தமிழ் கற்பித்த உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவருக்கு வயது 32. அவருடைய குறுந்தொகைப் பதிப்பு 1937-இல் வந்தபோது 82. நடுவில் போன ஐம்பது ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேல் வெள்ளெழுத்து வயதில் கழிந்தவை. கரையான் அரித்த ஏட்டோடு அவர் போராடியதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வயதான கண்ணோடு ஓர் அறிஞர் வேலை பார்க்க என்னவெல்லாம் வேண்டியிருக்கும் என்று பேசியதில்லை.

அச்சு வந்தது நிலைமையை இன்னொரு பக்கம் திருப்பியது. தரங்கம்பாடிக்கு 1712-இல் அச்சு எந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றில் அடித்தால் தாள் கட்டுப்படியாகாது. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. தாள் மிச்சமானது, கண்ணுக்குச் செலவு கூடியது. ஓலையில் எழுத்தின் அளவை எழுதுகிறவர் கை தீர்மானித்தது. அச்சில் தாளின் விலை தீர்மானித்தது. பத்திரத்தில், பஞ்சாங்கத்தில், ரயில்வே கால அட்டவணையில், இன்று மாத்திரை அட்டையில் நாம் காணும் பொடி எழுத்தின் கதை டெல்டாவில் அந்தக் கடற்கரையில்தான் தொடங்கியது.

தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை இருந்தார். கண் நோயாளிகளின் நிலையையும் சிகிச்சையையும் எழுதிவைக்கச் செய்து, நோயுற்ற கண்களைப் படமாகவும் வரையச் செய்தார். அந்தத் தாள்கள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. சென்னையில் இன்று எழும்பூர் கண் மருத்துவமனையாக இருக்கும் நிலையம் 1819-இல் தொடங்கியது. ஏறக்குறைய அதே காலம். அன்றைக்குக் கண்புரைக்கு வைத்தியம் என்றால் மங்கிய வில்லையை வழியிலிருந்து அகற்றுவது. அகற்றிய இடத்தில் வைக்க ஒன்றும் கிடையாது. ஒளி கிடைக்கும், தெளிவு கிடைக்காது. தூரத்துக்கே 10 டயாப்டர் அளவுக்குத் தடித்த வில்லை வேண்டும், படிக்க இன்னும் 3 கூட்ட வேண்டும். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட தாத்தாக்களை 1980-கள் வரைக்கும் ஊருக்கு ஊர் பார்த்திருப்போம். அவர்கள் இந்த இருநூறாண்டுக் கதையின் கடைசித் தலைமுறை.

கண்ணாடி இல்லாத வீடுகளில் என்ன செய்தார்கள்? திண்ணைக்கு வந்தார்கள். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் தாளையோ அரிசி முறத்தையோ வெளிச்சத்தில் வைத்துக்கொண்டால் மங்கலாகத் தெரிந்தது பாதி தெளியும். வெளிச்சம் கூடினால் பாவை சுருங்கும். சுருங்கிய துளை வழியாக வரும் ஒளிக்கு வில்லையின் குறை அவ்வளவாக உறைக்காது. விரல்களைக் குவித்துச் சின்னத் துவாரம் செய்து அதன் வழியே எழுத்தைப் பார்த்தால் இன்றும் இது தெரியும். மாலையில் விளக்கு வைத்த பிறகு, காலையில் முறத்தோடு திண்ணைக்கு வந்த அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்க முடியாமல் போவதும் இதனால்தான். "சின்னக்குட்டி, இதைக் கொஞ்சம் கோத்துக் குடு" என்று பேத்தியைக் கூப்பிடாத பாட்டி உண்டா?

இப்போது கண்ணில் விடும் சொட்டுமருந்து என்று பேசப்படுவதும் இந்தத் திண்ணை வித்தையின் மருந்து வடிவமே. பைலோகார்பின் பாவையைச் சில மணி நேரம் சுருக்கி வைக்கும். அமெரிக்காவில் 2021-இல் இதற்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் 2024 ஆகஸ்டில் ஒரு நிறுவனத்தின் சொட்டுமருந்துக்கு அனுமதி வந்தது. படிக்கும் கண்ணாடியையே தூக்கிப் போட்டுவிடலாம் என்பதுபோல விளம்பரம் கிளம்ப, செப்டம்பரிலேயே அந்த அனுமதியை நிறுத்தி வைத்தார்கள். செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் விசாரித்தவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. பாவை சுருங்கினால் இருட்டில் பார்வை குறையும், தலைவலியும் வரலாம். இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவருக்கு இது ஏற்ற வழியாக எனக்குத் தோன்றவில்லை.

எண்பது வயதிலும் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார் என்று ஊரில் சிலரைப் பெருமையாகக் காட்டுவார்கள். அவர்களில் சிலர் இளமையிலிருந்தே லேசான கிட்டப்பார்வைக்காரர்கள். தூரம் மங்கல், கிட்டே தெளிவு. இன்னும் சிலருக்கு அறுபதுக்கு மேல் திடீரென்று படிக்கும் பார்வை திரும்பி வந்திருக்கும். கும்பகோணத்தில் என் உறவினர் ஒருவர் அப்படித்தான் சந்தோஷப்பட்டார். கண்ணின் வில்லை உள்ளுக்குள் கெட்டித்துப் பழுப்பேறும்போது அதன் பவர் கூடும்; அதனால் கிட்டத்துப் பார்வை தற்காலிகமாகத் தெளியும், தூரப் பார்வை குறையும். கண்புரை தொடங்கியதற்கான அறிகுறி அது. பார்வை திரும்பிவிட்டது என்று மகிழ்கிற பெரியவரைக் கையோடு கண் மருத்துவரிடம் அழைத்துப் போவதுதான் வீட்டார் செய்ய வேண்டியது.

கடைகள் மாறிய கதைக்கு வருகிறேன். நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் கண்ணாடிக் கடை என்றால் மர அலமாரி, சோதனை வில்லைகள் அடுக்கிய பெட்டி, மூக்கில் வைக்கும் கனத்த வட்டச் சட்டம். வில்லை கண்ணாடியில்தான். கடைக்காரரே குறட்டால் ஓரத்தைக் கொத்திக் கொத்திச் சாணைக்கல்லில் தேய்த்து ஃபிரேமுக்குள் உட்கார வைப்பார். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து வேண்டுமென்றால் பைஃபோகல். அதிலும் வட்டப் பொட்டு வைத்த கிரிப்டாக் மலிவு, நேர்கோட்டுப் பொட்டு வைத்த 'டி' கொஞ்சம் உசத்தி. இப்போது கணினியில் ஓடும் கருவி முன் தாடையை வைத்தால் சில நொடியில் பவர் அச்சாகி வந்துவிடும், ஓரம் வெட்டுவதும் எந்திரம். வில்லை பிளாஸ்டிக், எடை பாதி. பிரான்சில் 1959-இல் வந்த ப்ரோகிரெசிவ் வில்லை இன்று கும்பகோணத்துக் கடைகளிலும் தாராளமாகக் கிடைக்கிறது. மேலே தூரம், கீழே இறங்க இறங்கக் கிட்டம், நடுவில் கோடு கிடையாது. வசதிக்கு விலை சில ஆயிரங்கள்; இன்னொரு விலை, இரண்டு பக்க ஓரங்களிலும் காட்சி நெளியும். பழக ஒரு வாரம் பத்து நாள் ஆகும்.

மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இவை நல்ல ஏற்பாடுகள். டெல்டாவின் பெரும்பகுதி மேசையில் உட்காரவில்லை. பைஃபோகலானாலும் ப்ரோகிரெசிவானாலும் படிக்கும் பகுதி கீழ்ப்பாதியில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்து பாருங்கள். காலடியைப் பார்க்கக் கண்ணைத் தாழ்த்தினால் பார்வை அந்தக் கீழ்ப்பகுதி வழியாகத்தான் போகும். ஒன்றேகால் அடியில் தெளிவு தரும் வில்லை ஐந்தடி கீழே இருக்கும் வரப்பை மங்கலாக்கிவிடும். வாய்க்கால் மடை எங்கே உடைந்திருக்கிறது, நண்டுவளை எங்கே, ஈரம் எங்கே என்று தெரியாது. முதியவர்கள் இத்தகைய வில்லைகளோடு நடக்கும்போது அதிகம் விழுகிறார்கள் என்று ஆஸ்திரேலியாவில் 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே படிக்கட்டும் நடைபாதையும்தான். இங்கே ஒன்றரையடி அகல வழுக்கும் வரப்பு. "கண்ணாடி போட்டா தலை சுத்துது" என்று கழற்றி மாடத்தில் வைத்துவிடுகிற விவசாயி அடம் பிடிக்கவில்லை. அவருக்குத் தூரத்துக்குத் தனியாக ஒன்று, கிட்டத்துக்குத் தனியாக ஒன்று கொடுத்திருந்தால் போட்டிருப்பார்.

தூரக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்பதைத் தஞ்சாவூரில் ஓர் ஓவியப் பட்டறையில் பார்த்தேன். தஞ்சாவூர்ப் படம் போடுகிறவர், அறுபதை நெருங்கும் வயது. பலகையைத் தரையில் சாய்த்து வைத்து முன்னால் சம்மணமிட்டிருந்தார். மக்கு வைத்து மேடாக்கிய இடங்களில் கல் பதித்துத் தங்க ரேக்கும் ஒட்டியாயிற்று. கிருஷ்ணனின் முகம் பாக்கி. புருவக் கோட்டுக்கு மெல்லிய தூரிகையை எடுத்தவர் முதுகை வளைத்து முகத்தைப் பலகையோடு ஒட்டுவதுபோலக் கொண்டுபோனார்.

"கண்ணாடி பத்தலையாண்ணே?"

"ரெண்டரை பவர் தம்பி. பேப்பர் படிக்கச் சொக்கமா இருக்கு. பலகைக்கு வந்தா மங்குது. கிட்டப் போனாத்தான் கோடு நிக்குது. முதுகு போயிடுச்சு."

கண்ணாடி பத்தாமல் இல்லை, அதிகமாக இருந்தது. 2.5 டயாப்டர் என்பது 40 சென்டிமீட்டருக்கான கணக்கு. நிமிர்ந்து உட்கார்ந்தால் அவர் கண்ணுக்கும் பலகைக்கும் இடையே இரண்டடி, 60 சென்டிமீட்டர். அந்தத் தூரத்துக்கான டயாப்டர் அறிய நூறை அறுபதால் வகுத்தால் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. தையல் நாடாவால் அளந்து கடைக்காரரிடம் சொல்லி 1.5-இல் ஒன்று வாங்கிக்கொண்டார். இப்போது நேராக உட்கார்ந்து கோடு போடுகிறார், படிக்கப் பழைய கண்ணாடியை வைத்துக்கொள்கிறார். கடையில் யாரும் அவரிடம் என்ன வேலை என்று கேட்கவில்லை. பவர் என்பது வயதுக்கு மட்டும் அல்ல, வேலைக்கும் சேர்த்துத்தான். நகைப் பட்டறைக்கு ஒரு சாண் தூரம், திருபுவனம் பட்டுத் தறிக்கு அதைவிட எட்டம். தஞ்சாவூர் வீணைக்கு மேளம் கட்டி மெட்டு அமைக்கும்போது காது வழிகாட்டும், ஆனால் குடத்தில் பூவேலை செதுக்கக் கண்தான் வேண்டும். எல்லாருக்கும் அட்டையில் எழுத்தைக் காட்டி ஒரே கணக்கில் பவர் கொடுப்பது அரைகுறை வேலை.

இப்போது வயலுக்குள் இறங்குவோம். நெல் நாற்றுக்கு நடுவே குதிரைவாலிப் புல் முளைக்கிறது. இளசில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இலை தண்டோடு சேரும் கணுவில் நெல்லுக்கு மெல்லிய சவ்வு ஒன்று நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும், புல்லுக்கு அது இல்லை. குனிந்து களை பறிக்கும் பெண்ணின் கண்ணுக்கும் அந்தக் கணுவுக்கும் இரண்டடி தூரம். தூரின் அடியில் ஒட்டியிருக்கும் புகையான் பூச்சி அரிசி மணியைவிடச் சிறியது. பூச்சிமருந்து புட்டியில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று அச்சடித்திருப்பது அதைவிடப் பொடி. ரேஷன் அரிசியில் கல் பொறுக்க, பேரனுக்குச் சொட்டுமருந்து எண்ணி விட, நூறு நாள் வேலை அட்டையில் தன் பெயருக்கு நேரே எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பார்க்க, கைபேசியில் வந்த எண்ணைப் படிக்க எல்லாமே கிட்டத்து வேலை. எழுத்துத் தெரியாத பெண்ணுக்கும் அவள் நாளில் பாதி கிட்டத்து வேலைதான். நான் என்ன படிக்கவா போறேன் என்று அவள் சொல்லும்போது, தன் வேலை கண்ணால் ஆகிற வேலை என்று அவளிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கேட்கிறது.

இதற்குக் கணக்கும் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது கடந்த 751 தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2018-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியானது. பாதிப் பேருக்கு முதலிலேயே சாதாரணக் கிட்டத்துக் கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. கொழுந்து பறிப்பதுதான் வேலை, படிப்பு அல்ல. கண்ணாடி போட்டவர்களின் பறிப்பு மற்றவர்களைவிட 21.7 விழுக்காடு கூடியது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 31.6 விழுக்காடு. வங்கதேசக் கிராமங்களில் கைத்தொழில் செய்பவர்களிடம் நடத்தி 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வில், இலவசக் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதத்தில் மற்றவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. உரம், விதை, எந்திரம் என்று எதற்கெல்லாமோ மானியம் பேசுகிறோம். இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு பலன் தருவது வேறொன்று இருப்பதாக நான் அறியவில்லை. உலகில் இப்படிக் கண்ணாடி கிடைக்காமல் கிட்டப் பார்வை மங்கி வாழ்பவர்கள் 82 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பணம் இருப்பவர்களுக்கு வேறு வழிகளும் வந்துவிட்டன. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைக் கிட்டத்துக்கும் வைக்கும் கான்டாக்ட் லென்ஸ் உண்டு. சேற்றிலும் புழுதியிலும் வேலை செய்பவர்களுக்கு அது ஒத்துவராது. கண்புரை அறுவையின்போது தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்து வேலை செய்யும் உள்வில்லை வைக்கலாம். இரவில் எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வளையம் தெரிவதாகச் சிலர் சொல்வார்கள். சாதாரண உள்வில்லையே பெரிய வரம். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1992-இல் அதன் துணையாக எழுந்த அரோலேப் தொழிற்சாலையும் அந்த வில்லையின் விலையை ஏழைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தன. சோடாபுட்டிக் காலம் முடிந்தது இத்தகையவர்களால்தான். ஆனால் அந்த வில்லையும் உருளாது. அறுவை முடிந்து தூரம் பளிச்சென்று தெரிகிற பாட்டிக்கும் முறத்தில் கல் பொறுக்கக் கண்ணாடி வேண்டும். "ஆபரேஷன்தான் பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்று வீட்டில் கேட்கிறார்கள். வில்லை மாற்றியதால் தூரம் வந்தது, கிட்டத்துக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

பேருந்து நிலையத்துக் கண்ணாடியைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு கண்ணும் ஒரே அளவாக, தூரப் பார்வை நன்றாக உள்ளவருக்கு அது கெடுதல் செய்யாது, கண்ணைக் கெடுக்கவும் கெடுக்காது. அசாமில் கொடுத்ததும் ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். ஆனால் இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் இருந்தாலோ, திசைக்குத் திசை பவர் மாறும் சிலிண்டர் குறை இருந்தாலோ அது உதவாது. அதோடு, வெள்ளெழுத்துக்காகக் கண் காட்ட வருகிறவரிடம்தான் கண்ணழுத்த நோயையும் சர்க்கரையால் விழித்திரையில் வரும் கேட்டையும் மருத்துவர் முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார். அவசரத்துக்கு அங்கே வாங்கிக்கொண்டவர் ஒருமுறையாவது பரிசோதனைக்குப் போய்வர வேண்டும்.

பள்ளிக் குழந்தைகளுக்குக் கண்ணொளி காப்போம் திட்டம் இருக்கிறது. ஆசிரியரே பிள்ளைகளின் பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கு வழி செய்கிறார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் வெள்ளெழுத்து உள்ள முதியவர்களுக்கும் இலவசக் கண்ணாடி உண்டு. இடம் இருக்கிறது, ஆள் வந்து சேர்வதில்லை. முகாம் என்றாலே பள்ளிக்கூடத்திலோ திருமண மண்டபத்திலோ, கண்புரை பிடிக்கத்தான். தேதியும் நடவு, களைப்பறிப்பு நாட்களில் விழும். கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? டெல்டாவின் நாட்காட்டி வேறு. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும், அது முடியுமுன் சம்பா. தை, மாசியில் அறுவடை முடிந்து நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் குவிந்திருக்கும் வாரங்களில்தான் ஊர் ஒரே இடத்தில் கூடும், கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும். அந்த வாசலிலும், நூறு நாள் வேலை நடக்கும் குளத்தங்கரையிலும் மேசை போட வேண்டும். 1-இலிருந்து 3 வரை கால் கால் டயாப்டராக அடுக்கிய ஒரு பெட்டியும் ஒரு தையல் நாடாவும் இருக்கட்டும். எழுத்து அட்டைக்குப் பதில் ஒரு பிடி நாற்றும், கல் கலந்த ஒரு கை அரிசியும், நூலும் ஊசியும் வைக்கட்டும். வருகிறவரிடம் படிப்பு என்ன என்று கேட்க வேண்டாம். "என்ன வேலை பாக்குறீங்கம்மா, குனிஞ்சா, உக்காந்தா?" என்று கேட்டு, தூரத்தை அளந்து, பவரை எழுதட்டும். கல் பொறுக்க 2.5, களை பறிக்க 1.5 என்று வந்தால் இரண்டு கண்ணாடியாகவே கொடுக்கட்டும்.